வண்டி நல்லாத்தானுங்க இருக்குது

1

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைகிறேன், என் மேசைமேல் ஒரு கேக் இருக்கிறது. அதன்மேல் வெள்ளைக் க்ரீமில் ‘கோயம்புத்தூர்’ என்று ஜெர்மன் எழுத்தில் எழுதியிருக்கிறது. இரண்டு எழுத்து குறைவு. பக்கத்தில் என் மேலாளர் மத்தியாஸ், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பதினாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், காரணமில்லாமல் ஒரு ஜெர்மன்காரர் கேக் வாங்கி வந்து நான் பார்த்ததில்லை.

“உங்கள் ஊர்க்காரர்கள் தங்கமான மனிதர்கள்,” என்றார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எங்கள் பீளமேட்டில் யாருக்கும் ஏறமாட்டேன் என்கிறது. எங்கள் அலுவலகம் கார் செய்வதில்லை. கார் ஓட்டிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, அதை எழுதி, கார் செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை எங்களுடையது. அதாவது, ஊர்வாயை வாங்கி விற்கிறோம்.

இப்போது கையில் இருப்பது ஒரு குட்டி ஹேட்ச்பேக். ஐரோப்பாவில் ஓடுவதை அப்படியே, ஸ்டியரிங்கை மட்டும் வலப்பக்கம் மாற்றி, நம் நாட்டில் கொஞ்சம் இறக்கி விற்றுப் பார்க்கிறார்கள். நன்றாகப் போனால் அங்கேயே நிறையச் செய்வார்கள். அதற்காக முந்தின வாரம் கோயம்புத்தூர் ஷோரூமில் முப்பது சொச்சம் பேருக்கு வண்டியைக் கொடுத்து, பீளமேட்டிலிருந்து ஏர்போர்ட் வரை ஓட்டிவரச் சொல்லி, அவர்கள் பேசியதையெல்லாம் பதிவு செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மத்தியாஸ் கையில் கொடுத்துவிட்டது.

“ஒருவர்கூட வண்டியைக் குறை சொல்லவில்லை,” என்றார் மத்தியாஸ். “எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதைவிட, கிளம்பும்போது எல்லாருமே ‘நான் வருகிறேன்’ என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் திரும்ப வந்து வாங்கப் போகிறார்கள்! உலகத்தில் எங்கேயும் இப்படி நடந்ததில்லை.”

நான் கேக்கைப் பார்த்தேன்.

“இன்னொன்று. உங்கள் ஊரில் இவ்வளவு மழை பெய்யும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே? வண்டியின் கணக்குப்படி அரை மணி நேரத்தில் ஒவ்வொருவரும் பத்துப் பன்னிரண்டு முறை வைப்பர் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கார் கம்பெனியில் போய்ச் சொல்லப் போகிறேன். வண்டியில் ஒரு ஆணிகூட மாற்ற வேண்டாம், வைப்பரை மட்டும் பலமாகப் போடுங்கள் என்று.”

பங்குனி வெயிலில் கோயம்புத்தூரில் மழையா? “வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒருமுறை கேட்டுவிடட்டுமா?” என்றேன். தாராளமாக, என்றார். பெரிய துண்டாக வெட்டிக் கையில் கொடுத்தார். நல்ல கேக். அதைக் குறை சொல்ல முடியாது.

2

ஹெட்போனை மாட்டிய ஐந்தாவது நிமிடத்தில் மழை தெரிந்துவிட்டது.

நம் ஊர் வண்டிகளில் இண்டிகேட்டர் வலது கைக்கு, வைப்பர் இடது கைக்கு. ஐரோப்பிய வண்டிகளில் அது தலைகீழ். இந்த வண்டியை இறக்கியவர்கள் ஸ்டியரிங்கை மாற்றினார்களே தவிர இந்தக் குச்சிகளை மாற்றவில்லை. ஆகவே நம் ஆட்கள் வலப்பக்கம் திரும்புவதற்குக் கையை வைத்தால், காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிரீச் கிரீச்சென்று ஆடுகிறது. முதல் ஆள் ஒரு கால் டாக்ஸி ஓட்டுநர். ஷோரூம் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவர் சொல்கிறார்:

“இண்டிகேட்டரப் போட்டா வைப்பர் ஆடுதுங்க. அத நிறுத்தறதுக்குள்ள பஸ்காரன் ஹாரனடிச்சுத் திட்டிப்போட்டுப் போறானுங்க. நம்ம தப்புத்தானுங்க, பழக்கமில்லாம.”

நம்ம தப்பு! முப்பது சொச்சம் பேரும் வெயிலில் வைப்பர் ஆடவிட்டுக்கொண்டு அவினாசி ரோட்டில் போயிருக்கிறார்கள். அத்தனை பேரும் தன் கையைத்தான் நொந்துகொண்டார்கள். வண்டியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அந்தப் பெண் எடுத்த எடுப்பிலேயே டீ கொடுத்துவிட்டது. டீ குடித்த வாயால் குறை சொல்வது எப்படி?

அடுத்தவர் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர். பின் கதவைத் திறக்க வழி தெரியாமல் கொஞ்ச நேரம் தடவியிருக்கிறார். கடைசியில் அந்தப் பெண் கம்பெனி முத்திரையை அமுக்கித் திறந்து காட்டியது.

“ஏனுங்க அம்மணி, ஸ்டெப்னி எங்கீங்க?”

“ஸ்டெப்னி இல்லீங்க சார். பஞ்சரானா டயருக்குள்ள ஊத்திக்கறதுக்கு ஒரு பாட்டில் குடுத்திருக்காங்க.”

“பாட்டிலா?”

அதற்குப் பிறகு பதிவில் ஒரு நீண்ட அமைதி. அந்தியில் ஆளில்லாத சித்தோடு ரோட்டில் டயர் வெடித்து, தான் ஒரு பாட்டிலோடு நிற்பதை மனுசன் கற்பனை செய்து பார்த்திருப்பார். பிறகு சொன்னார்: “நல்லாத்தானுங்க இருக்குது.” கம்ப்யூட்டர் எழுதியிருந்தது: வாடிக்கையாளர் பாட்டிலை மிகவும் பாராட்டினார்.

கோட்டைமேட்டிலிருந்து அத்தர் கடை வைத்திருக்கும் ஒரு பாய் வந்திருந்தார். ஹோப் காலேஜ் சிக்னலில் வண்டி நின்றதும் இன்ஜின் தானாக அணைந்துவிட்டது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க அப்படி ஒரு ஏற்பாடு. அவருக்கு அது தெரியாது. “யா அல்லா, வண்டியக் கெடுத்துப்போட்டனாட்ட இருக்குதே! மன்னிச்சுக்குங்கம்மா,” என்று பதறிவிட்டார். அந்தப் பெண் விளக்கிச் சொன்ன பிறகு அவர் யோசித்து யோசித்து ஒரே ஒரு அபிப்பிராயம் சொன்னார். “கலர் அருமைங்கம்மா.” இதற்குமேல் ஒரு வண்டியைத் திட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்தியூர்க்காரர் ஒருவர். குதிரை வளர்க்கிறவராம், பேச்சிலேயே தெரிந்தது. வண்டியைச் சுற்றி நடக்கும் செருப்புச் சத்தம் மட்டும் இரண்டு நிமிடம் கேட்கிறது. நடுநடுவே பட் பட்டென்று தட்டுகிறார். பிறகு, “வாயத் தொறந்து காட்டுங்க,” என்றார். ஷோரூம் பெண் பானெட்டைத் திறந்தது, சாமர்த்தியமான பெண். பார்த்துவிட்டுச் சொன்னார், “பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குது. சுழிதான் ரோசனையா இருக்குதுங்க.” குதிரைக்கு உடம்பில் மயிர்ச்சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அங்கே வாங்குவார்கள். சுழி சரியில்லை என்றால் ராஜகுதிரையானாலும் தொடமாட்டார்கள். கம்ப்யூட்டர் இவரைப் ‘பல் உபாதை உள்ளவர்’ என்று குறித்து வைத்திருந்தது.

எல்லாரும் கிளம்பும்போது தவறாமல் “வாரேனுங்க” என்றார்கள். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து, எதிர் மேசைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

3

இதே வண்டியைப் பற்றி ஜெர்மன்காரர்கள் சொன்னதும் எங்களிடம் இருக்கிறது. ஒருவர் காபிக் கோப்பை வைக்கும் குழி நாலு மில்லிமீட்டர் சின்னது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். படம் வரைந்து அம்புக்குறி போட்டு. இன்னொரு அம்மாள், கதவு சாத்தும் சத்தம் தன்னை அவமதிக்கிறது என்றார். அவ்வளவையும் எழுதிவிட்டு இரண்டு பேரும் வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நம்மவர்கள் அத்தனை நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, ஒருவர்கூட வாங்கவில்லை.

இந்த ஊருக்கு வந்த புதிதில் இது எனக்குப் புரியவில்லை. நம் லைசென்ஸ் இங்கே ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு முதலிலிருந்து படித்து, பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். அவினாசி ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஸ்கூட்டர் ஓட்டியவள் நான், எனக்கென்ன என்று போனேன். பரீட்சை அதிகாரி பின்சீட்டில் உட்கார்ந்து, இடப்பக்கம் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் மரியாதையாக ஒவ்வொன்றுக்கும் “யா, யா” என்றேன். நம் ஊர் “ஆமாங்க, ஆமாங்க” தான், வேறென்ன. நாலாவது “யா, யா”வில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“என்னை நக்கல் செய்கிறீர்களா?”

ஜெர்மனில் ஒரு ‘யா’ என்றால் ஆமாம். இரண்டு ‘யா’ சேர்த்துச் சொன்னால் போய்யா, உன் சோலியைப் பார் என்று அர்த்தமாம். மனுசனை ஏறியதிலிருந்து போய்யா, போய்யா என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். ஃபெயில். வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் மகள் யாழினிக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. பதினான்கு வயது, பிறந்ததே இங்கே. தமிழ் சனிக்கிழமை வகுப்பில் படித்தது, புத்தகத்தில் இருப்பதுபோலப் பேசும். இரண்டு வருடம் முன்னால் ஊருக்குப் போனபோது என் சித்தி ஆசையாக அரிசிம்பருப்புச் சாதம் போட்டு, எப்படிக் கண்ணு இருக்குது என்று கேட்டாள். “இது நன்றாக இல்லை, சித்தி அம்மச்சி,” என்றது பிள்ளை. சபையே அடங்கிவிட்டது. சித்தி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, வீட்டுக்காரரிடம் இந்த ஒலிப்பதிவுக் கூத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். யாழினி தட்டிலிருந்து தலையைத் தூக்கியது.

“நல்லா இருக்கிறது என்று சொன்னால் நல்லா இருக்கிறது. அதில் என்ன சிரிப்பு?”

“நல்லா இருக்குதுன்னா நல்லா இருக்குது கண்ணு. நல்லாத்தான் இருக்குதுன்னா, நல்லா இல்லேன்னு அர்த்தம்.”

“தான் என்றால் இல்லை என்று அர்த்தமா?”

“அப்படியில்ல. குறை இருக்குது, வாயத் தொறந்து சொல்லி உன் மனச நோகடிக்க எனக்கு இஷ்டமில்ல, நீயே புரிஞ்சுக்கோன்னு அர்த்தம்.”

“இவ்வளவும் ‘தான்’ ஒன்றிலா?” என்றது. ஆமாம் என்றேன். “இது ஏமாற்று வேலை, அம்மா,” என்றது. போய்த் தயிர் எடுத்து வந்தேன்.

4

புதன்கிழமை மதியம் பதினேழாவது பதிவுக்கு வந்தேன். பதிவுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இதில் ஓட்டும்போது பேச்சே இல்லை. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வண்டி நின்று, கதவு திறந்த பிறகுதான் சத்தமே வந்தது.

“முருகா… ம்ம்… அப்பனே முருகா…”

“கை குடுங்கய்யா,” என்றது ஷோரூம் பெண்.

“வேண்டாமுங்க அம்மணி. சித்த இருங்க, காத்து வாங்கிக்கறேன்.”

ஒரு நிமிடம் மூச்சு வாங்கும் சத்தம். திரும்பவும் முருகா. எவரோ இரண்டு பேர் ஓடிவந்து தூக்குகிறார்கள். சிரிக்க வாயெடுத்த நான் அப்படியே நிறுத்திவிட்டேன். அந்த முருகாவை எனக்குத் தெரியும். அது என் அப்பா.

“எப்படிங்கய்யா இருக்குது வண்டி?”

“நல்லாத்தானுங்க இருக்குது. என்ற மக கம்பெனி வண்டிங்க, ஜெர்மனீல அவதான் இதச் செய்யறா. அதுல போய்க் குத்தம் பாக்கலாங்களா? வர்ற திங்கக்கெழம உட்டு அடுத்த திங்கக்கெழம நாள் நல்லாருக்குது. என்ற பழைய வண்டியக் குடுத்துப்போட்டு எடுத்துக்கறேனுங்க.”

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மோட்டார் பம்ப் கம்பெனியில் காயில் சுற்றும் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் மூன்று வருடமாகிறது, பீளமேட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. அவரிடம் ஒரு பழைய வெள்ளை வண்டி உண்டு. உயரமான வண்டி, நின்றபடியே சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம், காலைக் கீழே விட்டால் நின்றுகொள்ளலாம். அந்த வண்டிதான் அவருக்குக் கால். அதில்தான் தினமும் சிங்காநல்லூரில் பழைய சிநேகிதர்கள் கூடும் பம்ப் ரிப்பேர் கடைக்குப் போய்வருகிறார். அதைக் கொடுத்துவிட்டு இந்தக் குட்டி வண்டியை எடுத்தால், ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். இரண்டு ஆளுக்கு எங்கே போவார்? நாலு நாள் பார்ப்பார், ஐந்தாம் நாள் வண்டியைப் போர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார். மகள் செய்த வண்டி என்று வாசலில் நிற்கும். எனக்குப் பதறிவிட்டது.

உடனே போன் போட்டுச் சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. பேசியது யார் என்று தெரிந்துவிட்டால் தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். அதைச் செய்யாமல் போன் பேசி, அது தெரியவந்தால் வேலை போய்விடும். வியாழக்கிழமை காலை அந்த அம்மாள் முன்னால் போய் உட்கார்ந்தேன். உர்சுலா என்று பெயர். சிரிக்கவே சிரிக்காத மனுசி.

“பதினேழாம் எண் உங்களுக்கு என்ன உறவு?”

“என் அப்பா.”

“எப்படி உறுதியாகத் தெரியும்?”

“முருகா என்று சொன்னார்.”

எழுதிக்கொண்டார். “முருகா என்பவர் யார்? அவர் பெயர் பதிவில் வருகிறதே, அதற்கு அவரிடம் ஒப்புதல் வாங்கினார்களா?”

“அவர் ஒப்புதல் எப்போதும் உண்டு,” என்றேன்.

“எழுத்தில்?”

“அது கடவுள்.”

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ‘மூன்றாம் நபர், தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று எழுதினார். பதினேழாம் பதிவை அழித்துவிட்டு, ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அந்தப் பதிவில் கேட்ட எதையும் வெளியில் எவரிடமும், பேசியவரிடமும்கூட, சொல்லமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். அதாவது, என் அப்பாவுக்கு முட்டி வலிக்கிறது என்பதை என் அப்பாவிடம் நான் சொல்லக்கூடாது. இப்படி ஒரு சட்டம் நம் ஊரில் உண்டா?

5

வெள்ளிக்கிழமை காலை மத்தியாஸிடம் உட்கார்ந்து மற்றவர்கள் பேசியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மழையில்லை, இண்டிகேட்டர் என்றேன். மனுசனுக்கு முகம் வெளுத்தது. பாட்டிலைப் பாராட்டவில்லை என்றேன். கலர் நன்றாக இருக்கிறது என்றால் கலர் மட்டும்தான் நன்றாக இருக்கிறது என்றேன். ‘தான்’ என்பதைப் பலகையில் எழுதி விளக்கினேன்.

“இந்த ஒரு சொல்லுக்காகவா முழு அறிக்கையும் மாறுகிறது?”

“ஆமாம்.”

“சரி, இருக்கட்டும். எல்லாரும் வருகிறேன் என்று சொன்னார்களே, அது?”

“அதற்குப் போகிறேன் என்று அர்த்தம்.”

காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “வருகிறேன் என்றால் போகிறேனா?”

“எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். அது அபசகுனம்.”

“அப்படியானால் உண்மையிலேயே வருவதாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?”

கொஞ்சம் யோசித்தேன். “ஒன்றும் சொல்ல மாட்டோம். வந்து நிற்போம்.”

மத்தியாஸ் நல்ல மனுசன். ஒரு மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். குச்சிகளை இடம் மாற்றுங்கள், ஸ்டெப்னி வையுங்கள், சீட்டை உயர்த்துங்கள் என்று கார் கம்பெனியில் போய்ச் சொன்னார். சீட் விஷயத்தை நான் பதினேழாம் பதிவிலிருந்து எடுக்கவில்லை, சத்தியமாக. திருப்பூர்க்காரர் ஒருவரும் அதையே மூக்கால் முனகியிருந்தார்.

கம்பெனி மாற்றும், ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து. அப்பா வண்டி எடுக்கப்போவது திங்கட்கிழமை. சனிக்கிழமை முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அப்பாவைக் கூப்பிடும் நேரம். அங்கே மாலை காபி நேரம். கேட்டதைச் சொல்லக்கூடாதே தவிர, பொதுவாகக் கேட்கலாமே என்று வளைத்து வளைத்துப் பேசினேன்.

“அப்பா, வண்டி ஏதாச்சும் மாத்தற ரோசன இருக்குதுங்களா?”

“அட, உனக்கு எப்படித் தெரிஞ்சுது? சும்மா ஒரு இதுக்குச் சொல்லாம இருந்தேன் அம்மணி. நாளைக்கு எடுக்கறேன். உன்ற வண்டிதான்.”

“என்ற வண்டியில்லீங்கப்பா. நான் செய்யறதில்ல. அது கொஞ்சம் தாழ்வான வண்டி, உங்க முட்டிக்குச் சரிப்படாது.”

“முட்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது.”

“ஏறி எறங்கறதுக்கு…”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது அம்மணி. நான் ஓட்டிப் பாத்துட்டேன்.”

எவ்வளவு நேரம்தான் சுவரில் முட்டிக்கொள்வது? அழுகை வந்துவிட்டது. போனை மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வாணலியில் ஏதோ கருகுகிறது என்று அடுப்புப் பக்கம் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. யாழினி எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் அது பேசுவது வாரத்துக்கு மூன்று வாக்கியம். வணக்கம் அப்புச்சி, நான் நன்றாக இருக்கிறேன், பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான். அன்றைக்கு அது பேனாவை வைத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தது.

“வணக்கம் அப்புச்சி. உங்களுக்கு அந்தக் கார் பிடித்திருக்கிறதா?”

“கண்ணு! நல்லாத்தான் இருக்குது கண்ணு.”

“அப்புச்சி, ‘தான்’ போடாமல் சொல்லுங்கள்.”

“என்ன கண்ணு?”

“‘தான்’ வேண்டாம். நல்லா இருக்கிறது, அல்லது நல்லா இல்லை. இரண்டில் ஒன்று.”

அப்பா சிரித்தார். நான் அடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பாமல் நின்றேன்.

“அட குசும்பு புடிச்ச கழுத! தான் போடாமச் சொல்றதுன்னா… நல்லால்ல கண்ணு. குழீக்குள்ள எறங்கி உக்காந்தாப்பல இருக்குது. எந்திரிக்க முடியல. ரெண்டு பேரு தூக்கி உட்டாங்க, மானமே போச்சு.”

“அப்படியானால் வாங்காதீர்கள்.”

“உங்கம்மா வருத்தப்படுவா கண்ணு.”

“அம்மா அந்தக் காரைச் செய்யவில்லை, அப்புச்சி. அம்மாவுக்கே அது பிடிக்காது. நாங்கள் ஜெர்மனியில் வேறு கார் வைத்திருக்கிறோம்.”

“அப்படியா!” என்றார் அப்பா. அந்த ‘அப்படியா’வில் இருந்த நிம்மதியை அடுப்படியிலிருந்தே கேட்டேன். “சரி கண்ணு. காலையில போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிப்போடறேன். என்ற வண்டியே என்னோட இருக்கட்டும்.”

எனக்கு உயிர் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கத் திரும்பினேன். யாழினி இன்னும் முடிக்கவில்லை. கையோடு அடுத்ததையும் முடித்துவிடலாம் என்று நினைத்ததோ என்னவோ, அதே குரலில் கேட்டது.

“நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அப்புச்சி? இதையும் ‘தான்’ இல்லாமல் சொல்லுங்கள்.”

அப்பா சிரிக்கவில்லை. பீளமேட்டு வீட்டு ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் கேட்கிறேன், எப்படி இருக்கறீங்கப்பா என்று. அவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்கிறார், நல்லாத்தான் இருக்கறேன் அம்மணி என்று. முப்பது சொச்சம் அந்நியர்களின் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பொறுக்கியெடுத்து, பலகையில் எழுதி, ஒரு ஜெர்மன்காரனுக்கே புரியவைத்தவள் நான். இவர் சொன்னபோது மட்டும், நல்லா இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனை வைத்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

“நல்லால்ல கண்ணு,” என்றார் அப்பா. “உங்கம்மச்சி போனதுக்கப்புறம் ஊட்டுல இருக்கவே புடிக்கல. ஒத்த ஆளுக்கு என்னத்த ஆக்கறது, காலைல வெச்சதையே பொழுதோட திங்கறேன். டீவிய சும்மா ஓட உட்டுக்கறேன், பேச்சுச் சத்தத்துக்கு. முட்டி, சொல்லவே வேண்டாம். கக்கூஸ் போறதுக்கே பயமா இருக்குது.”

“சரி,” என்றது யாழினி. அதற்குமேல் அதற்குத் தமிழ் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தது, கண்ணெல்லாம் தண்ணீர்.

போனைக் கையில் எடுத்தேன். “அப்பா.”

“அம்மணி! நீ அங்கியேவா இருக்கற?” அவர் குரல் ஒரு நொடியில் மாறிவிட்டது, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கிற மாதிரி. “அது ஒண்ணுமில்ல அம்மணி, புள்ள என்னமோ கேட்டா, நானும் விளையாட்டுக்குச் சொன்னேன். நீ எதையும் மனசுல வெச்சுக்காத. நான் நல்லாத்தான் இருக்கறேன்.”

டிக்கெட், விசா, லீவு, ஆள் வைத்துக்கொள்வது என்று நூறு பேச்சு வாய்வரைக்கும் வந்தது.

“நானும் நல்லாத்தானுங்கப்பா இருக்கறேன்,” என்றேன்.

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. என் வேலை கெட்டுவிடும், பிள்ளை படிப்பு கெட்டுவிடும் என்று பதினாறு வருடத்தில் ஒரு முறைகூட என்னிடம் கேட்காததை அப்பா கேட்டார்.

“எப்ப வார அம்மணி?”